சேவ் கணக்கு போதுமா?

பேஸ்பாலில், தொடக்க பிட்சர் களைத்தாலோ தடுமாறினாலோ அவருக்குப் பதிலாகப் பந்தெறிய இறங்கும் ரிலீஃப் பிட்சரை, கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் எந்த அளவுகோலால் சேர்ப்பது என்பது எளிதில் தீராத வழக்கு. அவருக்கென்றே 1969இல் அதிகாரப்பூர்வமான 'சேவ்' என்னும் கணக்கு, அணியின் குறுகிய முன்னிலையைக் கடைசிவரை காத்து ஆட்டத்தை முடிப்பவருக்கு வழங்கப்படுகிறது.

இக்கணக்கின் ஓட்டை அதன் விதியிலேயே இருக்கிறது. 3 ரன் முன்னிலையுடன் ஒன்பதாவது இன்னிங்ஸைத் தொடங்கி, 2 ரன்களைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை முடிப்பவருக்கும் சேவ் உண்டு; ஆனால், ஏழாவது இன்னிங்ஸில் மூன்று பேஸ்களிலும் எதிரணியினர் நிற்க, ஒரே ரன் முன்னிலையைக் காத்துவிட்டு வெளியேறுபவருக்கு அது கிடையாது. ஆகவே சேவ் எண்ணிக்கை ஒருவரின் திறமையைச் சொல்வதைவிட, மேலாளர் அவரை எப்போது இறக்கினார் என்பதையே அதிகம் சொல்கிறது.

இடக்கை பிட்சர்களான ஜான் ஃபிராங்கோ, பில்லி வாக்னர் இருவரையும் அருகருகே வைத்தால் இது விளங்கும். 424 சேவ்களுடன், வாக்னரைவிட 300க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் கூடுதலாக வீசிய ஃபிராங்கோ, 2011இல் முதல் வாக்கெடுப்பிலேயே 5 விழுக்காடு எட்டாமல் பட்டியலிலிருந்து நீங்கினார். 422 சேவ்கள் பெற்ற வாக்னரோ, 10.5 விழுக்காட்டில் தொடங்கி, பத்தாவதும் இறுதியுமான வாய்ப்பில், 2025இல், தேவையான 75 விழுக்காட்டைக் கடந்து தேர்வானார். எதிரணி எடுத்த ரன்களில் ஃபீல்டிங் பிழைகளால் வந்தவற்றைக் கழித்து 9 இன்னிங்ஸுக்குக் கணக்கிடும் சராசரி, ஃபிராங்கோவுக்கு 2.89, வாக்னருக்கு 2.31; தாம் வீசிய 903 இன்னிங்ஸில் வாக்னர் விட்டுக்கொடுத்த ஹிட்கள் 601 மட்டுமே.

எனினும் 903 இன்னிங்ஸ் என்பது ஆண்டுக்கு 200 இன்னிங்ஸ் வீசும் தொடக்க பிட்சருக்கு ஐந்து பருவ உழைப்பைக்கூட எட்டாது என்ற மறுப்பும், பிளேஆஃப் ஆட்டங்களில் வாக்னரின் சராசரி 10.03 ஆக இருந்தது என்ற குறையும் புறந்தள்ளத் தக்கவையல்ல. 2019இல் ஒரு வாக்குகூடக் குறையாமல் தேர்வான முதல் வீரராகிய மரியானோ ரிவேராவின் பெருமையும், 652 சேவ்களைக் காட்டிலும், பிளேஆஃப்களில் 141 இன்னிங்ஸ் வீசி 0.70 என்ற சராசரியைக் காத்ததில்தான் நிற்கிறது. குறைவாக வீசுபவர், வீசிய சிறு பொழுதிலேனும் ஒப்பற்றவராக இருந்தாக வேண்டும். ஃபிராங்கோவின் கூடுதல் 2 சேவ்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை.