பன்னீர்ச் செம்பும் கருப்புக் குதிரையும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் ஆண்டு மலரில் நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மும்பைத் தமிழ் இளைஞர்கள் காலா கோடா கலை விழாவுக்குப் போய்க் குதிரைச் சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மட்டும் வரமாட்டார்கள், இது வேர் அறுந்த தலைமுறை என்பது அதன் சாரம். நாலைந்து பெரியவர்கள் தொலைபேசியில் அழைத்து, "நறுக்குன்னு சொன்னீங்க சார்" என்று பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் கட்டுரையில் பாதி தவறு என்று இப்போது நினைக்கிறேன். எந்தப் பாதி என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பிற நகரங்களில் வாழும் அன்பர்களுக்காக முதலில் விழாவைப் பற்றிச் சிறிது. தென் மும்பையில் கோட்டைப் பகுதியை ஒட்டிப் பிறை வடிவில் அமைந்த சிறு வட்டாரம் காலா கோடா. கருப்புக் குதிரை என்று பொருள். ஏழாம் எட்வர்ட் மன்னர் இளவரசராக இருந்தபோது இந்தியா வந்து போனதன் நினைவாக, அவர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் கருஞ்சிலை ஒன்று 1879-இல் இங்கே நிறுவப்பட்டது. 1965-இல் அதை அகற்றி பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். குதிரை போயிற்று, பெயர் நின்றுவிட்டது. பிறகு 2017-இல் புதிய குதிரை ஒன்று வந்தது. அதன் முதுகில் ஆள் இல்லை. ராஜா இறங்கிவிட்டார், வேறு யாரும் இன்னும் ஏறவில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஜஹாங்கிர் ஆர்ட் கேலரி, டேவிட் சசூன் நூலகம், நாம் இன்னமும் பழக்கத்தில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகம், தேசிய நவீனக் கலைக் கூடம் எல்லாம் அங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இந்த இடத்தில் 1999 முதல் கலை விழா நடந்து வருகிறது. ஒன்பது நாட்கள். பெரும்பாலும் பிப்ரவரித் தொடக்கத்தில், சில ஆண்டுகளில் ஜனவரிக் கடைசியிலேயே தொடங்கிவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. தெருவில் பெரிய பெரிய கலைப் படைப்புகளை நிறுத்தி வைப்பார்கள். கைவினைக் கடைகள் இருக்கும். நூலகத் தோட்டத்தில் இலக்கியக் கூட்டம், கிராஸ் மைதானத்தில் ஆட்டமும் பாட்டும், இன்னும் நாடகம், சினிமா, சிறுவர் பட்டறை, பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நடை என்று விரியும். கொரோனாக் காலத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்து, 2023-இல்தான் மறுபடி கூட்டம் நிறைந்தது. நம் சங்கங்கள் வசதிப்பட்ட சனி, ஞாயிறு பார்த்துத் தை மாதத்துக்குள் பொங்கல் விழா நடத்துவதால், இரண்டும் மோதிக்கொள்வது சகஜம். மோதினால் யார் தோற்பார்கள் என்பது தெரிந்ததே.

என் பழைய கட்டுரையில் எந்தப் பாதி இன்னமும் சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு படைப்பின் முன் பிள்ளைகள் வருகிறார்கள், முதுகைத் திருப்பி நிற்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்ததற்கு நகர்கிறார்கள். செய்தவர் யார், எதற்குச் செய்தார் என்று நின்று படிப்பவர்கள் சிலரே. பத்தடி தள்ளி ஜஹாங்கிர் கேலரியின் கதவு வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது, காசும் கேட்பதில்லை. விழா நாளில் தெருவைப் பிதுக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அந்தப் படியேறியிருப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கவிஞர் அருண் கொலாட்கர் இந்தத் தெருமுனையைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து கவனித்தவர். 'காலா கோடா போயம்ஸ்' என்ற அவருடைய நூல் 2004-இல், அவர் மறைந்த ஆண்டில், வெளிவந்தது. அதில் நீண்ட கவிதை ஒன்று, நடைபாதை ஏழைகள் காலைப் பசியாறுவதைப் பற்றியது. அந்தக் காட்சியின் நடுவில் இருப்பவர் இட்லிக்காரி! இந்த ஊரில் விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு கிளம்புகிறவர்கள் யார், எங்கிருந்து கிளம்புகிறார்கள் என்று மும்பைத் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலா கோடாவில் தமிழனுக்கு என்ன இடம் என்று கேட்டால், விழாவுக்கு முன்பே நம் இட்லி அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. நான் கேட்டுப் பார்த்த பிள்ளைகளில் ஒருவருக்கும் இந்த நூல் தெரியவில்லை. நியாயமாகப் பேசினால், என் வயதுக்காரர்களில் பலருக்கும் தெரியாது.

தவறான பாதியை எனக்குக் காட்டியவள் என் தங்கை மகள். நகரத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். ஒரு வருஷம் அந்த விழாவுக்கு வாலண்டியராகச் சேர்ந்தாள். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் பிள்ளை தனியாக முலுண்ட் வரை ரயிலில் வருவதா என்று தங்கை பயந்ததால், முதல் இரண்டு நாள் அழைத்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. சி.எஸ்.டி. நோக்கி நடந்தோம். அன்று முழுக்க நின்றபடியே இருந்திருக்கிறாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் மட்டும் களைப்பே இல்லை. நாடகக் குழு ஒன்று தாமதமாக வந்தது, விளக்குக்காரரோடு வாக்குவாதம், நிகழ்ச்சி வரிசையை மாற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இதே உழைப்பைச் சங்கத்துக்குக் குடுத்தா என்னம்மா?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "குடுத்தேனே மாமா. எட்டு வருஷம் வாசல்ல பன்னீர் தெளிச்சேன். பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு, ஒரு கையில பன்னீர்ச் செம்பு, பக்கத்துல சந்தனக் கிண்ணம். எப்பவாவது 'நிகழ்ச்சி எப்படி இருந்தா நல்லாருக்கும்'னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்த எட்டு வருஷத்தில் ஐந்து வருஷம் நிகழ்ச்சிக் குழுவில் இருந்தவன் நான்.

நம் பிள்ளைகளுக்குச் சங்கம் கொடுத்திருக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து வயதில் மாறுவேடப் போட்டி. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை குறள் ஒப்புவித்தல். பெண் பிள்ளையானால் பன்னீர்ச் செம்பு, பையனானால் நாற்காலி தூக்குவது, சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றுவது. பிறகு? நாற்பது வயது வரை ஒன்றுமில்லை. நாற்பதுக்குமேல் வந்தால் நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறோம். நடுவில் இருக்கும் இந்தப் பெரிய பள்ளத்தைத்தான் நான் 'வேர் அறுந்த தலைமுறை' என்று எழுதினேன்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விழா நடத்தத் தெரியாதா என்ன? ஐ.ஐ.டி. பம்பாயின் 'மூட் இண்டிகோ' 1971-இலும், செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியின் 'மல்ஹார்' 1979-இலும் தொடங்கின. இவற்றை நடத்துபவர்கள் மாணவர்களே. விளம்பரதாரரைப் பிடிப்பது, மேடை போடுவது, கலைஞர்களோடு பேசி முடிப்பது, கூட்டத்தை ஒழுங்கு செய்வது எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். கல்லூரியில் இத்தனை பெரிய வேலையை முடித்துவிட்டு வருபவனிடம், "தம்பி, அந்த பேனரைக் கொஞ்சம் பிடி" என்றால், அவன் ஒரு முறை மரியாதைக்காகப் பிடிப்பான். மறுமுறை ஏன் வரவேண்டும்?

காலா கோடாவையும் நான் விட்டுவிடப் போவதில்லை. பிள்ளைகளுக்கு அங்கே ஓடியாட வேலை கிடைக்கிறது, பொறுப்பு கிடைக்கிறது, வாஸ்தவம். ஆனால் எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பவர்கள் ஒவ்வொரு துறைக்கும் பொறுப்பேற்ற பெரியவர்கள்தான். மற்றபடி வருகிற லட்சோப லட்சம் பேருக்கும் அங்கே உள்ள ஒரே இடம் பார்வையாளர் இடம். தன் கையால் எதையும் செய்ய வழியில்லாத கூட்டம், செல்போனால் செய்ய முடிந்ததைச் செய்கிறது. படம் எடுக்கிறது. 'நானும் இங்கே இருந்தேன்' என்று பதிந்து வைக்க அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த கருவி அது ஒன்றுதான். குதிரை முன் நிற்பவனைப் பார்த்து நான் சிரித்ததில் எனக்கு இப்போது கொஞ்சம் வெட்கம் உண்டு.

இலவச விழா என்பதாலேயே எல்லோருக்கும் உரிய விழா ஆகிவிடுமா என்பதும் ஒரு கேள்வி. சயானிலிருந்து சி.எஸ்.டி.க்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து ஒரு பையன் அந்தத் தெருவுக்குள் நுழைந்து, கைப்பை விலையைப் பார்த்து, சுற்றிலும் ஆங்கிலப் பேச்சைக் கேட்டு, இது நமக்கானது என்று நினைத்துக்கொள்ள அரை மணி போதாது.

அந்தப் பையன் சும்மா இருந்துவிடவும் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மூன்று நான்கு தலைமுறை கண்டுவிட்ட தெருக்களில், இந்தியும் மராத்தியும் தமிழும் கலந்து ராப் பாடும் குழுக்கள் முளைத்தன. பா. ரஞ்சித்தின் 'காலா' 2018-இல் வந்தபோது, சந்தோஷ் நாராயணன் இசையில் தாராவியின் டோப்பாடெலிக்ஸ் குழுவினர் பாடியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜோயா அக்தரின் 'கல்லி பாய்' அந்தத் தெருவை நாடு முழுக்கக் காட்டிவிட்டது. அதற்கும் முன்பு, 2015-இல், தாராவி பினாலே என்று ஒன்று நடந்தது. 'சினேஹா' என்ற தொண்டு நிறுவனம் நடத்தியது. உடல்நலத்தை மையமாக வைத்து அங்கே வாழும் மக்களே, கலைஞர்களோடு சேர்ந்து உட்கார்ந்து செய்த படைப்புகள் அதில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பார்க்க வந்தவன் ஒருவன், செய்தவன் இன்னொருவன் என்ற கோட்டை அது அழித்துப் பார்த்தது. என்னைக் கேட்டால் நகர விழா ஒன்று கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான். அளவில் சிறியது என்பதால் அதைத் தள்ளிவிடக் கூடாது.

ராப் பாட்டை நான் ரசிப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டு வளர்ந்த காது இது. பாதி வார்த்தை பிடிபடுவதற்குள் பாட்டே முடிந்துவிடுகிறது. சில பாட்டுகளில் வரும் வசவு எனக்கு ஒப்பவும் இல்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. மும்பையில் பிறந்து, மும்பைப் பேச்சு கலந்த தமிழில், தன் தெருவைப் பற்றித் தானே சொந்தமாகச் சொல்ல முன்வந்த பிள்ளைகள் அவர்கள். நாம் வருஷம் தவறாமல் சென்னையிலிருந்து பட்டிமன்றப் பேச்சாளரை விமானச் சீட்டு கொடுத்து வரவழைக்கிறோம். தாராவியிலிருந்து ஆட்டோவில் வரக்கூடியவனை ஒரு தடவைகூட அழைத்ததில்லை. சங்கத்துக்குள் இதைச் சொன்னால், "அதெல்லாம் தமிழா சார்?" என்கிறார்கள். அது தமிழா இல்லையா என்று மேடையேற்றிக் கேட்டுவிட்டுத் தீர்மானிக்கலாமே.

சென்ற ஆண்டுக் கடைசியில் தங்கை மகளும் அவள் வயதுப் பிள்ளைகள் ஆறேழு பேரும் நிகழ்ச்சிக் குழுவிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். பொங்கல் விழாவில் இரண்டு மணி நேரம் தங்களுக்கு வேண்டும், அதில் என்ன நடக்கும் என்பதைத் தாங்களே முடிவு செய்வார்கள். தாராவிப் பிள்ளைகள் இருவர் பாட்டு, கொலாட்கரின் இட்லிக் கவிதையை வைத்து ஒரு சிறு நாடகம், பிறகு பாட்டி தாத்தாக்கள் இந்த ஊருக்கு முதன்முதலில் வந்திறங்கிய கதையைப் பேரப்பிள்ளைகள் பதிவு செய்து போட்டுக்காட்டுவது. நாடகம் தமிழில்தான், ஆனால் நடுவில் மராத்தி வரும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். குழுவில் ஒன்றரை மணி நேரம் வாதம். மராத்தி இருக்கலாம் என்று ஒருவர், ராப் கூடவே கூடாது என்று ஒருவர், இரண்டு மணி நேரம் கொடுத்தால் பட்டிமன்றத்தை எங்கே வைப்பது என்று இன்னொருவர். பழைய கட்டுரையை எழுதிய நானே இப்போது இந்தப் பக்கம் பேசுவதைப் பார்த்து, "என்ன சார், கட்சி மாறிட்டீங்க?" என்று தலைவர் சிரித்தார்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் நேரம்வரை முடிவாகவில்லை. வரும் ஞாயிறு மாலை மறுபடி கூடுகிறோம். பிள்ளைகள் கொடுத்த செலவுக் கணக்கில் ஒலிபெருக்கி வாடகை, ஒளித்திரை, போக்குவரத்து, டீ, வடா பாவ் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறது. பொருளாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதுல பன்னீருக்குக் காசே போடலியே, வாசல்ல யாரு நிக்கறது?" என்று கேட்டார்.