வாசலில் ஒரு படம்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை ஜார்ஜியாவுக்கும் மெய்னுக்கும் இடையே 14 மாநிலங்களைக் கடக்கிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். ஏறத்தாழ பாதி வழியில், மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அதன் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் வருகையாளர் மையம் இருக்கிறது. முழுப் பாதையையும் நடக்கக் கிளம்பியவர் வந்து சேர்ந்தால், அவரைப் படமெடுத்து, வரிசை எண்ணும் தேதியும் குறித்து ஆல்பத்தில் சேர்க்கிறார்கள். 1979 முதல் இது வழக்கம். வெயிலில் வாடிய முகம், தோளை அழுத்தும் பை, அழுக்கேறிய காலணி, பெயரோடு வழித்துணைகள் சூட்டிய பட்டப்பெயர் என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பயணம். முன்னால் போய்விட்ட தோழரை அந்தப் பக்கங்களில் தேடிப் பார்க்கலாம். வரைபடம் எங்கும் கிடைக்கும். இவ்வளவு தூரம் நடந்து வந்தவரைப் பெயர் கேட்டுப் பதிந்துகொள்ளும் மரியாதைதான் இந்த மையத்தின் அருமை.