பெரட்டில் சொல்லாத வலி

கெடாவின் பெண்டாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்தேன். இருட்டு விலகும் முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுக்கும் பெரட்டு. கிராணி பெயர் வாசிக்கும்போது நேராக நிற்பவனுக்கு அன்றைக்குப் பேர் உண்டு. மழைக்காலத்தில் ஒருநாள் அப்பா பால் வாளியோடு கானில் கால் இடறி விழுந்து கணுக்காலைப் பிசக்கிக்கொண்டார். ராத்திரி முழுக்க அம்மா எண்ணெய் தடவி உருவிவிட்டார். மறுநாள் பெரட்டில் அப்பா மற்றவர்களைப் போலவே நின்றார். தோட்டத்து மருந்தக டிரசரிடம் போயிருந்தால் மருத்துவ விடுப்பு, எம்.சி., கிடைத்திருக்கும். ஆனால் எடை போட்ட பாலுக்குத்தான் அன்றைக்குக் காசு. செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் அவருக்கு வழக்கம்போல் வருகை விழுந்தது. அந்தக் கால் கடைசிவரை பழைய கால் ஆகவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அலோர்ஸ்டார் டாருல் அமான் அரங்கத்தில் கெடா காற்பந்துக் குழுவின் பச்சை மஞ்சள் சட்டைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரட்டு ஞாபகம் வரும். ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு சுருள்வார், பிசியோ ஓடிவந்து ஸ்பிரே அடிப்பார், அவர் எழுந்து கையை உயர்த்துவார். அரங்கமே தட்டும். நானும் தட்டியிருக்கிறேன். அந்தக் கைதட்டலில் என்ன கலந்திருக்கிறது என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

தொழில்முறைக் கழகங்கள் இப்போது ஆட்டக்காரர்களின் காயங்களைக் கணக்கு வைக்கின்றன. யாருக்கு, எங்கே, எந்த நாளில், ஆட்டத்திலா பயிற்சியிலா, எத்தனை நாள் வெளியே என்று பருவம் முழுவதும் எழுதி, அந்தக் கணக்கைக்கொண்டே பயிற்சியையும் ஓய்வையும் திட்டமிடுவது இன்றைய முறை. இந்த முறையின் பலமும் பலவீனமும் எங்கே இருக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

இந்த முறையை ஊன்றியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட். ஐரோப்பியக் காற்பந்துச் சம்மேளனத்துக்காக 2001-இல் அவர் குழு தொடங்கிய ஆய்வு இருபது பருவங்களைத் தாண்டி நடந்தது. முதல் 7 பருவங்களில் 23 கழகங்களிலிருந்து 4,483 காயங்கள் பதிவாயின. சராசரியாக ஓர் ஆட்டக்காரருக்குப் பருவத்துக்கு 2 காயம், 25 பேர் கொண்ட குழுவுக்கு 50. ஆட்டத்தில் 1,000 மணி நேரத்துக்கு 27.5 காயம், பயிற்சியில் 4.1. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2024-25 மலேசிய சூப்பர் லீக்கில் ஒரு குழுவுக்கு 24 ஆட்டம். ஓர் ஆட்டத்தில் 11 பேர், ஒன்றரை மணி நேரம், மொத்தம் பதினாறரை மணி. 24 ஆட்டத்துக்கு 396 மணி. ஐரோப்பிய விகிதப்படி லீக் ஆட்டங்களில் மட்டும் ஏறக்குறைய 11 காயம். கிண்ண ஆட்டமும் பயிற்சியும் அதற்கு மேல். ஆகவே காயம் வருவதையே கெட்ட நேரம் என்று சொல்லிக் கழித்துவிட முடியாது. அது வரும் என்று தெரிந்தே பருவத்தைத் தொடங்க வேண்டும்.

கணக்கு வைப்பதன் முதல் பலம் இதுதான். திருஷ்டி, ராசி என்று பேசிக்கொண்டிருந்த ஒன்றை அது நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டுவந்தது. 2013-இல் வெளிவந்த அதே ஆய்வின் இன்னொரு பகுதி, 11 பருவங்களைப் பார்த்துவிட்டு, காயச் சுமை, அதாவது காயத்தால் இழந்த நாட்கள், குறைந்த கழகம் பட்டியலில் மேலே நின்றதைக் காட்டியது. பிறகு வந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. தலைமைப் பயிற்றுநரும் மருத்துவக் குழுவும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளாத கழகங்களில் காயச் சுமை கூடுதல் என்றது. எனக்கு இது முழங்கால் ஸ்கேனைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. தசை கிழிவதில் இரண்டு மனிதர்களின் பேச்சுவார்த்தைக்குப் பங்கு உண்டு என்று எண்ணிக்கை சொல்கிறது.

இரண்டாவது பலம், பழைய காயம் திரும்புவதை அது காட்டிக்கொடுத்தது. அந்த முதல் 7 பருவங்களில் பதிவான காயங்களில் 12 விழுக்காடு ஏற்கெனவே பட்ட இடத்திலேயே மறுபடி பட்டவை. அப்படித் திரும்பியவை முதல் தடவையைவிட நீண்ட நாள் ஆளை உட்காரவைத்தன. முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுந்தவர் அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதம் பொறுத்தால் மறுகாய ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்பதும் இப்படிப்பட்ட கணக்கிலிருந்தே வந்தது. நம் தோட்டத் திடல்களில் முட்டி விலகிய பையன்கள் உருவிவிட்ட மூன்றாம் வாரத்தில் மறுபடி இறங்கி, இருபத்து மூன்று வயதில் பந்தை விட்டுவிட்டு ஓரமாய் நின்று பார்த்த கதைகளை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். அவர்களுக்கு யாரும் ஒன்பது மாதம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

லெஸ்டர் சிட்டியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2015-16-இல் 23 ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து இங்கிலாந்து லீக்கை வென்ற கழகம் அது. மிகக் குறைவான காயம், வாரத்தில் ஓய்வு நாட்கள், நல்ல மருத்துவக் குழு என்று எல்லோரும் எடுத்துக்காட்டினார்கள். எடுத்துக்காட்டியவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் லெஸ்டருக்கு ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் கிடையாது, உள்நாட்டுக் கிண்ணங்களிலிருந்தும் சீக்கிரமே வெளியேறியது. ஆடிய ஆட்டங்களே குறைவு. காயம் குறைந்ததில் திறமைக்கு எவ்வளவு, காலிக் கிழமைகளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கக் கணக்குப் புத்தகத்தால் முடியாது.

எதிர்ப்பக்கத்தில் சென்னையின் கழகம். 2019-20 இந்திய சூப்பர் லீக் இறுதி ஆட்டம் வரை சென்னையின் எஃப்.சி. ஏறியதில் பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோவின் கால்களுக்குப் பெரிய பங்கு. அடுத்த பருவம் கோவாவில், பெருந்தொற்றின் மூடிய வளையத்துக்குள் நடந்தது. 2021 ஜனவரியில் கிரிவெல்லாரோவுக்குக் கணுக்காலில் பலத்த காயம், பருவமே முடிந்தது. சென்னை 20 ஆட்டத்தில் 3 மட்டுமே வென்று எட்டாம் இடத்தில் நின்றது. ஒற்றைக் காலை நம்பிக் கட்டிய வீடு அது என்பது அப்போது தெரிந்தது. சராசரிக் கணக்கு இங்கே உதவாது. பருவத்துக்கு ஐம்பது காயம் என்று அது சொல்லும். அந்த ஐம்பதில் யாருடைய கால் என்று சொல்லாது.

ஆனாலும் என் முதன்மையான குறை வேறு. இந்தக் கணக்கில் எது காயம்? அடுத்த பயிற்சியிலோ ஆட்டத்திலோ முழுமையாகக் கலந்துகொள்ள முடியாமல் போனால்தான் காயம். வலியோடு இறங்கி ஆடினால் அது பதிவே ஆகாது. செக்ரோலும் இப்படித்தான். வந்தவன், வராதவன் என்று இரண்டு குறி. எப்படி வந்தான் என்பதற்குக் கட்டம் இல்லை. என் அப்பாவின் கணுக்கால் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தக் கட்டம் இல்லாததுதான்.

வலியோடு இறங்குவது அரிதான செயலா? இல்லை. 2010 உலகக் கிண்ணத்தில் ஆடியவர்களில் ஏறக்குறைய 39 விழுக்காட்டினர் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் வலி நிவாரணி எடுத்ததாகக் குழு மருத்துவர்கள் கொடுத்த பட்டியலிலிருந்து ஃபிஃபாவின் மருத்துவர்களே எழுதினார்கள். உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவ வசதி உள்ளவர்களின் நிலை இது. அர்ஜெண்டினாவின் கபிரியேல் பத்திஸ்தூத்தா ஓய்வு பெற்ற பிறகு கணுக்கால் வலி தாங்காமல் காலை வெட்டி எடுத்துவிடும்படி மருத்துவரைக் கெஞ்சியதாகத் தானே சொன்னார். கோல்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்த வலிக்கு எந்தப் பருவத்தின் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது?

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு இறக்குவதை முழுக்கத் தவறென்று நான் சொல்லவில்லை. இறுதி ஆட்டத்துக்குத் தயாராகும் முப்பது வயதுக்காரர், எல்லாம் தெரிந்து, தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுத்தால் அதை மதிக்க வேண்டும். கேள்வி அந்த முடிவு எந்த நிலையில் எடுக்கப்படுகிறது என்பது. இங்கேதான் கெடாவுக்கு வருகிறேன்.

கெடா சாதாரணக் குழு அன்று. 2006-07, 2007-08 என்று அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அஸ்ராயி கோர் அப்துல்லாவின் பயிற்சியில் அள்ளிய குழு. 2016-இல் சிலாங்கூரைப் பெனால்டியில் வீழ்த்தி மலேசியக் கிண்ணம், 2017-இலும் 2019-இலும் எஃப்.ஏ. கிண்ணம். அந்த இரட்டை மும்முடிக் குழுவில் இளைஞராக இருந்த பட்ரோல் பக்தியார் 2019-இலும் அதே சட்டையில் தலைவராக நின்றார். அத்தனை ஆண்டு ஓர் உடம்பு தாங்குவது சாதாரணக் காரியம் அல்ல. பிறகு அதே கழகம் சம்பளப் பாக்கியால் புள்ளிகளை இழந்தது. 2025-26 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் சூப்பர் லீக்கை விட்டே போனது. எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த வாரம் பேச்சு வேறெதுவுமில்லை.

சம்பளம் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும் இடத்தில் ஒருவன் தன் தொடைத் தசை இழுத்துக்கொண்டதை வாய்விட்டுச் சொல்வானா? ஒப்பந்தம் பருவத்தோடு முடிகிறது. அடுத்த கழகம் பார்க்கப்போவது கடைசிப் பத்து ஆட்டங்களை. வெளியே உட்கார்ந்தவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் சொல்லாமல் ஆடுவான், தசை முழுக்கக் கிழியும் வரை ஆடுவான். இது எந்தக் குறிப்பிட்ட ஆட்டக்காரரைப் பற்றியும் நான் சொல்வதல்ல. பெரட்டில் நின்ற அத்தனை பேரையும் பார்த்தவனாகச் சொல்கிறேன். கூலி உறுதியில்லாத இடத்தில் உடம்பைப் பற்றிய உண்மை வெளியே வராது. உண்மை வராத இடத்தில் காயக் கணக்கு எவ்வளவு அழகாகக் கணினியில் ஏற்றப்பட்டாலும் பொய்க் கணக்குதான்.

சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் தராத கழகத்துக்குப் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா 2018 முதல் விதி வைத்திருக்கிறது. ஆனால் முறித்துக்கொண்டு போக நல்ல கால் வேண்டும். முழங்காலில் கட்டோடு இருப்பவன் எந்தக் கழகத்துக்குப் போவான்? தேசியக் குழுவுக்கு ஆடும்போது நான்கு வாரத்துக்கு மேல் காயம்பட்டால் ஃபிஃபாவின் காப்பீடு இருக்கிறது. அந்தப் பணம் போய்ச் சேருவது கழகத்துக்கு. நம் நாட்டில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தற்காலிக முடக்கத்துக்கு நாட்கூலியில் 80 விழுக்காடு தருகிறது. தோட்டத்து ஆட்கள் இதை நன்றாக அறிவார்கள். கணக்கிடும் சம்பளத்துக்கு 2024 அக்டோபரிலிருந்து 6,000 ரிங்கிட் உச்ச வரம்பு. சம்பளத்தையே பாக்கி வைக்கும் முதலாளி சொக்சோ சந்தாவை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருப்பார் என்று நம்பிக்கொண்டு ஒருவன் காலை உடைத்துக்கொள்ள முடியாது.

காசில்லாத கழகத்தால் காயத்தைத் தடுக்கவே முடியாதா என்றால், முடியும். இந்த முறையின் மிக நல்ல பகுதி இங்கே இருக்கிறது. ஃபிஃபாவின் மருத்துவர்கள் வகுத்த 11+ என்ற சூடேற்றும் பயிற்சிக்கு இருபது நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். நோர்வேயில் இளம்பெண்கள் ஆடும் குழுக்களில் சோதித்து 2008-இல் பலனைக் காட்டினார்கள். முழங்காலில் நின்று, பின்னாலிருந்து ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி தொடைப் பின்தசைக் காயத்தைப் பாதியாகக் குறைக்கிறது. வேண்டியது ஒரு நண்பனும் கொஞ்சம் புல்லும்தான். நம் தமிழ்ப்பள்ளித் திடல்களில் நாளைக்கே தொடங்கலாம். இதை எழுதும்போது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது. ஏனென்றால் 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகச் சாம்பியன்ஸ் லீக் கழகங்களையும் நோர்வேயின் உச்சப் பிரிவுக் கழகங்களையும் கேட்டுப் பார்த்தபோது, இந்த நார்டிக் பயிற்சியை முழுமையாகச் செய்தவை பத்தில் ஒன்றுதான். பணக்காரக் கழகங்களே செய்யவில்லை. தொடைப் பின்தசைக் காயத்தின் பங்கோ 21 பருவங்களில் 12 விழுக்காட்டிலிருந்து 24 ஆனது. தெரிந்திருந்தும் செய்யாமல் விடுவதைக் கணக்குப் புத்தகம் எழுதி வைக்கும், தடுக்காது.

இன்னொரு குறை, அந்த எண்கள் குளிர்நாட்டு எண்கள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை (WBGT) 32 பாகையைத் தாண்டினால் தண்ணீர் இடைவேளை என்பது ஃபிஃபா நடைமுறை. வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் ராத்திரி ஆட்டத்திலும் காற்று வியர்வையை உலர்த்தாது. நீர் வற்றிய தசை எப்படி இழுக்கும் என்பதற்கு நம் மண்ணில், நம் ஆட்டக்காரர்களிடம் எடுத்த நீண்ட காலக் கணக்கு வேண்டும். ஐரோப்பிய எண்ணை அப்படியே ஒட்டிக்கொள்வது சோம்பல்.

அந்தக் கணக்கை யார் வைப்பது? கெடா மறுபடி மேலே வரும், வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வரும்போது உரிமம் கொடுப்பவர்கள் வங்கி அறிக்கையைக் கேட்பது போலவே காயப் பதிவேட்டையும் கேட்கட்டும். வலியோடு ஆடியவருக்கும் அதில் ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தக் கட்டத்தை நிரப்புகிறவரின் சம்பளம் கழகத்தின் பெட்டியிலிருந்து வரக்கூடாது. இன்றைக்கு ஆட்டக்காரருக்கு ஓய்வு வேண்டும் என்று எழுத வேண்டிய பிசியோவும் அதே கழகத்தின் பட்டியலில், அதே மாத முடிவுக்காகத்தான் காத்திருக்கிறார்.