பெண் குரலில் பாடிய பையன்

ஆடி மாதத்தில் மேனாம்பேட்டில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளன்று, ஒலிபெருக்கியில் எப்படியும் ஒருமுறை 'அன்னக்கிளி' பாட்டுகளைப் போட்டுவிடுகிறார்கள். அவை 1976-ல் வந்தவை. "இதெல்லாம் நாட்டுப்பாடலா ஸார்? சினிமாச் சரக்கு" என்றார் பக்கத்தில் நின்ற நண்பர். எனக்குச் சுருக்கென்றது.

என் காதுக்கு அது ஒரு குடும்பத்தின் கச்சேரி. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனும் தம்பிமார் மூவரும் ஒரு பாட்டுக் கோஷ்டி வைத்திருந்தார்கள். கம்யூனிஸ்டுக் கட்சி மேடைதான் அவர்களுக்கு சபா. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலையேறிப் போய்ப் பாடியவர் வரதராஜன். ஜனங்களுக்குப் பழகிய சினிமா மெட்டில் கட்சிக் கருத்தை ஏற்றிப் பாடுவது அவர் வழக்கம். பெண் குரல் வேண்டியபோது தம்பி ராசையா பாடினான். குரல் உடைந்ததும் அவனை ஆர்மோனியத்தின் முன் உட்காரவைத்துவிட்டார்கள். 1968-ல் தம்பிகள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாயார் சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார். (விற்றது ரேடியோ என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.)

அந்த ராசையாதான் இளையராஜா. அவருடைய முதல் படம் 'அன்னக்கிளி'. அதில் எஸ். ஜானகி பாடுவதைக் கேட்கும்போது, பையனாக இருந்த காலத்தில் தொலைத்த குரலை ஒருவர் திரும்ப வாங்கிக்கொண்டதுபோல் எனக்குப் படுகிறது. ஒரு பெண் எங்கே குழைவாள், எங்கே வெடுக்கென்று நிறுத்துவாள் என்பது அவருக்கு வெளியிலிருந்து கற்ற பாடம் அல்ல. தன் தொண்டையாலேயே அறிந்தது. நெல் குத்தும் பாட்டில் உலக்கை விழுகிற இடத்தில் மூச்சும் விழுகிறது. கூடப் பாடும் பெண்களுக்கும் அங்கே நிஜமான வேலை இருக்கிறது. டி. எம். சௌந்தரராஜன் பாடும் பாட்டில்தான் பழைய சினிமா எட்டிப் பார்க்கிறது. கம்பீரம் உண்டு, ஊர் இல்லை.

நண்பர் கேட்கிற சுத்தம் அந்தக் குடும்பத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. சினிமா மெட்டை வயற்காட்டு மேடைக்குக் கொண்டுபோனவர் அண்ணன். வயற்காட்டை சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் தம்பி. கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒலிபெருக்கியில் ஜானகி முடித்துக் கோரஸ் எழும்போதெல்லாம் அந்தக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கிய ஆண் குரலை என் காது தேடுகிறது. வரதராஜன் 1973-லேயே காலமாகிவிட்டார்.