தோன்றா எழுவாய்

எழு, நட, குளி என்னும் ஏவல் வினைகளில் எழுவாய் வெளிப்படுவதில்லை. 'நீ' என்பது உள்ளே மறைந்து நிற்கும். தமிழ் இலக்கணம் அதனைத் தோன்றா எழுவாய் என்கிறது. அரபு நஹ்விலும் நிலை இதுவே. 'கும்' என்று ஒருவனை ஏவுமிடத்து 'அன்த்த' என்னும் பெயர் வினைக்குள் மறைந்தே இருக்கும். அதனை ளமீர் முஸ்ததிர் என மத்ரஸா மாணவர் தொடக்க வகுப்புகளிலேயே பயில்வர்.

இவ்விலக்கண உண்மையைத் தன் உயிராகக் கொண்ட கணினிக் கதை ஒன்றைப் பற்றி இங்கே சில கூற விழைகிறோம். அமெரிக்க எழுத்தாளர் ஆடம் கேட்ரே 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட '9:05' என்பதே அது. முடிச்சை அவிழ்க்காமல் இதனைத் திறனாய இயலாது. ஆதலின் தாமே ஆடிப் பார்க்க விரும்புவோர் ஆடி முடித்த பின் இக்கட்டுரைக்கு வருவாராக.

இவ்வகை விளையாட்டில் படமில்லை. திரையில் சில வரிகள் தோன்றும். அடுத்துச் செய்ய வேண்டியதை ஆடுபவர் ஓர் ஏவலாகத் தட்டெழுதுவார். அதன் விளைவைக் கணினி மீண்டும் எழுத்திலேயே கூறும். 1970-களின் நடுவில் வில் கிரௌதர் தொடங்கி, 1977-இல் டான் வுட்ஸ் விரிவாக்கிய 'அட்வென்சர்' இதற்கு முன்னோடி. அதில் குகையும் புதையலும் இருந்தன. கேட்ரேயின் கதையிலோ படுக்கையறை, குளியலறை, கார், அலுவலகம் என அன்றாட வாழ்வே உண்டு.

தொலைபேசி மணி அலற, காலை 9:05-க்கு ஆடுபவர் கண் விழிக்கிறார். இன்னும் புறப்படவில்லையா என்று ஹாட்லி என்னும் பெயரைச் சொல்லி ஒரு குரல் கடிந்துகொள்கிறது. பதறி எழுந்து, அழுக்குடை களைந்து, குளித்து, தூய உடை அணிந்து, சாவியோடு விரைகிறார். அலுவலகத்தில்தான் குட்டு உடைகிறது. அவர் ஹாட்லி அல்லர். ஹாட்லியின் வீட்டில் திருடப் புகுந்து, அவரைக் கொன்று, அங்கேயே உறங்கிவிட்டவர். மறுமுறை ஆடும்போது கட்டிலுக்கு அடியில் நோக்குமாறு ஏவினால் பிணம் கிடக்கக் காணலாம். முதல் வரியிலிருந்தே அது அங்கேதான் கிடந்தது.

ஆசிரியர் வஞ்சித்தார் என்று குறை கூற இடமில்லை. தோன்றா எழுவாயை இட்டு நிரப்பியவர் ஆடுபவரே. ஒரு குரல் அழைத்தது. அழைத்த பெயருக்குரிய கடமைகளை அவர் தமதாக்கிக்கொண்டார். யார் நான் என்னும் கேள்வியை அவசரம் விழுங்கிவிட்டது.

ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது. வுளூவுக்காக உறுப்புகளைக் கழுவுவதும் வெப்பம் தணியக் கழுவுவதும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றே. ஆயினும் நிய்யத் இன்றேல் ஷாஃபிஈ மத்ஹபில் அது வுளூ ஆகாது. இக்கதையின் குளியலும் அத்தகையதே. ஊழியன் குளித்தால் அது தூய்மை. கொலைஞன் குளித்தால் அது தடயம் அழித்தல். செயல் மாறவில்லை, செய்பவன் மாறப் பொருள் மாறுகிறது. பக்கம் பக்கமாக விளக்க வேண்டிய இதனைச் சில நிமிட ஆட்டத்தில் உணர்த்திய திறத்தை நாம் பாராட்டுகிறோம்.

எனினும் இதனை நிறைவான படைப்பு என்று கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. மாண்டவர் மீது இக்கதைக்கு இரக்கமில்லை. ஹாட்லியின் உடல் ஒரு விடுகதையின் விடையாக மட்டுமே கிடக்கிறது. உண்மையறிந்து மீண்டும் ஆடுபவருக்குக் கிட்டும் பரிசோ, அலுவலகத்துக்குத் திரும்பாமல் நெடுஞ்சாலையில் நேரே தப்பியோடும் முடிவு. தன்னை இன்னான் என்று அறிந்துகொண்டவனுக்கு அடுத்த படி தப்புதல்தானா? நாணமும் தவ்பாவும் அன்றோ அவ்வறிவின் கனிகள்? அகக் கண்ணைத் திறந்துவிட்ட ஆசிரியர், திறந்த கண் எதனைக் காண வேண்டும் என்பதைக் கருதாது நகைத்துவிட்டுப் போய்விட்டார்.

இத்தகையவற்றை வீண் விளையாட்டு என்று ஒரே சொல்லில் தள்ளுவோர் நம்மிடையே உளர். நாம் அவ்வாறு தள்ள மாட்டோம். கொலை வருவதால் இது சிறுவர்க்கு ஏற்றதன்று. வளர்ந்த பிள்ளைகள் ஆடட்டும். ஆடி முடித்ததும், இறந்தவருக்கு நீ என்ன செய்திருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்கட்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், வைகறைத் தொழுகை முடிந்ததும், அன்றைய அலுவல்கள் தொடங்குமுன், நஃப்ஸோடு உடன்படிக்கை செய்துகொள்ளுமாறு அறிவுறுத்துகிறார்கள். தொலைபேசி அழைக்குமுன் செய்ய வேண்டிய அவ்வேலையை இளைஞர்க்கு எடுத்துரைக்க இக்கதை நல்ல வாய்ப்பு.