அரை மில்லிமீட்டர் புள்ளியும் அரை கிராம் ஈயமும்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளிக்கு விட்டம் அரை மில்லிமீட்டர். அதைத் தேடிப் போகும் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 0.53 கிராம். சுடுபவரின் மூச்சு, நிற்கும் வாகு, விரலின் பக்குவம் பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறார்கள். எனக்கோ இந்த விளையாட்டில் பார்க்கப் பார்க்க அலுக்காத பொருள் அந்த ஈயக் குண்டுதான்.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உடுக்கை போல இடை சிறுத்த உருவம். முன்னால் தட்டையான தலை. பின்னால் உட்புறம் குடைந்து, ஓரம் மெலிந்து விரியும் பாவாடை. இதில் அழகுக்காக வைத்தது எதுவும் இல்லை. தலை, பேரலுக்குள் குண்டு சாயாமல் நேராக நிற்கப் பார்த்துக்கொள்கிறது. அழுத்தக் காற்று பின்னாலிருந்து தள்ளியதும் பாவாடை விரிந்து பேரலின் சுவரோடு ஒட்டுகிறது. காற்று கசிவதில்லை. உள்ளே வெட்டியிருக்கும் சுழல்வரிகள் ஈயத்தைப் பிடித்துத் திருக, குண்டு சுழன்றபடி நொடிக்கு 170 மீட்டர் அளவு வேகத்தில் வெளியேறுகிறது. கனம் தலையில் இருப்பதால் வழியில் தடுமாறுவதும் இல்லை. தலை ஏன் தட்டை? கூர்மையோ உருண்டையோ தாளைப் பிய்த்துவிடும். தட்டைத் தலை ஓரம் பிசிறாமல் வட்டமாக வெட்டி எடுக்கும். ஐம்பது மீட்டர் வரை போகும் ஃபீல்ட் டார்கெட் போட்டிகளில்தான் உருண்டைத் தலைக்கு வேலை.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். 2013 முதல் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9. அதன்பின் ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 குறையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் தகுதிச் சுற்றில் இந்தியாவின் ரமிதா 631.5 புள்ளிகளோடு ஐந்தாவதாக வந்து இறுதிச் சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாவதாக நின்று வெளியேறினார். இடையில் இருந்தது 0.8 புள்ளி. அறுபது குண்டுகளில் எட்டே எட்டு, கால் மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விழுந்தால் தீர்ந்துபோகிற தூரம். அது குண்டால் வந்த வித்தியாசம் என்று சொல்ல வரவில்லை. எந்த அளவில் இந்தப் போட்டி நடக்கிறது என்பதற்குத்தான் கணக்கைச் சொன்னேன்.

ஆகவே தேர்வு. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், செக் நாட்டின் ஜே.எஸ்.பி. ஆகியவை துப்பாக்கிக்காரர்கள் மரியாதையோடு உச்சரிக்கும் பெயர்கள். டப்பாவின் மேல் தலையளவு 4.49, 4.50 என்று அச்சிட்டிருக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்! அதைவிட முக்கியமானது லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண். ஈயத்தைத் துண்டாக்கி அச்சில் வைத்து அழுத்தித்தான் குண்டு செய்கிறார்கள். அச்சு தேயும், மாற்றப்படும். அதனால் அதே கம்பெனி, அதே தலையளவு என்றாலும் இந்த லாட் ஒரு மாதிரி, அந்த லாட் வேறு மாதிரி. பேரலும் அப்படித்தான், அடுத்தடுத்து வந்த இரண்டு பேரல்களுக்கு ஒரே குண்டு ஒத்துப்போகும் என்ற உறுதி கிடையாது. நண்பரின் துப்பாக்கியில் அற்புதமாகப் போவது உங்களுடையதில் சிதறலாம்.

சோதிக்க ஒரே வழி, துப்பாக்கியை அசையாமல் கிளாம்ப்பில் இறுக்கி, லாட்டுக்குப் பத்து குண்டு சுட்டுப் பார்ப்பது. மனிதக் கை விலகிய பிறகு மிஞ்சுவது பேரலும் குண்டும் மட்டுமே. நல்ல ஜோடி அமைந்தால் பத்தும் ஒரே துளையில் போய், துளையின் மொத்த அகலம் ஐந்தரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஏழரைக்குப் போனால் அந்த லாட்டை ஒதுக்கிவிடலாம். குறி துல்லியமாக இருந்தாலும் சில குண்டுகள் 10.4-க்கு இறங்கிவிடும். பத்துக் குண்டு போன பிறகும் ஒரு குண்டு போனதுபோல் தெரியும் அந்தத் துளையைப் பார்ப்பதில் உள்ள சுகம் தனி.

பிறகு தயாரிப்பு. இங்கேதான் சடங்குகள் பெருத்துக் கிடக்கின்றன. நுண்தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிப்பவர்கள் உண்டு. சாய்ந்த கண்ணாடியில் உருட்டிவிட்டு, வளைந்து போகும் பாதையைப் பார்த்து ஒதுக்குபவர்கள் உண்டு. சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தொடுபவர்களும் உண்டு. மலிவான பயிற்சிக் குண்டுகளில் இந்த உழைப்புக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறது: நசுங்கியதும் பிசிறு ஒட்டியதும் கழிந்துவிடும். நல்ல மேட்ச் குண்டுக்கு இது வேண்டாத வேலை. கழுவினால் ஈயம் வெளுத்துப் பூக்காமல் காக்கும் மெல்லிய பூச்சும் போய்விடும். கை பட்ட ஒவ்வொரு தடவையும் அந்த மெலிந்த பாவாடை நசுங்கும் வாய்ப்பு கூடுகிறது. விலை உயர்ந்த குண்டுகளைத் தனித்தனிக் குழியில் வைத்து அனுப்புவதே ஒன்றோடொன்று மோதக் கூடாது என்பதற்காகத்தான்.

நான் மதிக்கும் தயாரிப்பு எளிமையானது. சுடும் முன் பாவாடையை ஒரு பார்வை பார்ப்பது. கீழே விழுந்ததைப் போட்டிக்கு எடுக்காமல் இருப்பது. ஒவ்வொரு முறையும் அதே அழுத்தத்தில் பேரல் வாயில் பொருத்துவது. ஈரம் படாத இடத்தில் டப்பாவை வைப்பது. ஈயம் நஞ்சு, குண்டை உதட்டில் கவ்வும் பழைய வழக்கம் வேண்டாம், சுட்டு முடித்ததும் கையைக் கழுவ வேண்டும்.

பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புதுத் துப்பாக்கிக்கும் ஜாக்கெட்டுக்கும் பணம் எடுத்து வைக்கும் முன், இருக்கிற பேரலுக்கு நாலைந்து லாட்டுகளைச் சோதித்துப் பாருங்கள். பொருந்தியது கிடைத்தால் அந்த லாட்டிலேயே ஒரு சீசனுக்கானதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். வீட்டு மேசையில் யாரும் குண்டை நல்ல குண்டாக்க முடியாது; நல்லதைத் தேர்ந்தெடுத்து, கெடுக்காமல் பேரல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் முடியும்.