பிரச்சினையைத் தேர்ந்தெடுப்பது யார்?

1962 ஏப்ரலில் ஜப்பானில் ஒரு பத்திரிகை வெளிவந்தது. 'கெம்பா டோ கியூ.சி.' என்று பெயர். ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கமான ஜூஸ், அதைப் போர்மேன்களை மனத்தில் வைத்தே தொடங்கியது. தனியாகப் படிப்பவர் பாதியில் மூடி வைத்துவிடுவார் என்பது ஆசிரியர் குழுத் தலைவர் கவோரு இஷிகாவாவின் கணிப்பு. ஆகவே, கூட வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொண்டு படியுங்கள், படித்ததை உங்கள் வேலையிலேயே சோதித்துப் பாருங்கள் என்றார். அந்த வாசிப்புக் குழுக்களே தரவட்டங்கள் ஆயின. முதலில் பதிவு செய்துகொண்ட வட்டம் கார் கம்பெனியைச் சேர்ந்ததல்ல. மட்சுயாமாவில் இருந்த தொலைபேசித் துறை நிலையம் ஒன்றைச் சேர்ந்தது.

தரக்கட்டுப்பாடு அதற்கு முன்பே இருந்தது. 1924இல் பெல் நிறுவனத்தின் வால்டர் ஷூவர்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்து காட்டினார். அமெரிக்கத் தர நிபுணர்களான டெமிங் 1950இலும் ஜூரான் 1954இலும் ஜப்பானுக்கு வந்து பாடம் நடத்தினார்கள். டெமிங் தம் சொற்பொழிவுக் குறிப்பின் விற்பனைத் தொகையை விட்டுக்கொடுக்க, அதிலிருந்து 1951இல் டெமிங் பரிசு பிறந்தது. ஆனால் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் பொறியாளர்களும் மேலாளர்களும். எண்ணைப் படிக்கும் வேலையை இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் ஒப்படைத்ததுதான் இஷிகாவா செய்த புதுமை.

இந்த முதல் மரபில் வட்டம் சிறியது. பெரும்பாலும் பத்துப் பேருக்குள். எல்லாரும் ஒரே பிரிவில் வேலை செய்பவர்கள். தங்கள் கண்ணெதிரே இருக்கும் பிரச்சினையைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். சரிபார்ப்புத் தாள், பரேட்டோ, மீன்முள் வரைபடம் என்று ஏழு கருவிகள். வேலைத்தளத்துப் பிரச்சினைகளில் நூற்றுக்கு 95ஐ இந்த ஏழைக் கொண்டே தீர்த்துவிடலாம் என்று இஷிகாவா அடித்துச் சொன்னார்.

டொயோட்டாவின் வழி சற்று வேறு. அங்கே பிரச்சினை கூட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. அதன் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ தரும் உதாரணம் பிரசித்தம். இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை. அது ஏன்? அதன் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருக்கிறது. முதல் 'ஏன்'னோடு நிறுத்தியிருந்தால் புது ஃபியூஸ் போட்டிருப்பார்கள். சில மாதத்தில் அதுவும் போயிருக்கும்.

இதே டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1984இல் கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் ஆலையை 'நுமி' என்ற பெயரில் திறந்தது. ஆள் வராமை, சச்சரவு, மோசமான தரம் என்று பெயரெடுத்து 1982இல் மூடப்பட்ட ஆலை அது. திரும்ப வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் பழையதே. மாறியவற்றில் ஒன்று, தலைக்கு மேலே ஓடிய கயிறு. ஏதாவது பிசகினால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். மணி ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார், அதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். பழைய ஆலையில் லைனை நிறுத்துவது பெருங்குற்றம். புதிய நுமி ஆலையின் கார்கள் சீக்கிரமே தரத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளை மிஞ்சின.

அமெரிக்காவிலேயே முளைத்த மரபுகள் இரண்டு. 1980களின் பிற்பாதியில் மோட்டரோலா கொண்டுவந்த சிக்ஸ் சிக்மா, பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழைக்கு மேல் கூடாது என்றது. 1995இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கையிலெடுத்ததும் உலகெங்கும் பரவியது. இதில் பிரச்சினையை நிர்வாகம் தேர்ந்தெடுக்கிறது. பயிற்சி பெற்ற 'பிளாக் பெல்ட்' தலைமை தாங்குகிறார். ஃபோர்டின் 8டி முறையிலோ வாடிக்கையாளரின் புகார்தான் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் உதிரிபாகம் செய்பவர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. குழு அமைத்து, குறையை விவரித்து, முதலில் கெட்ட சரக்கைத் தடுத்து நிறுத்திவிட்டு, பிறகே மூலகாரணம் தேட வேண்டும். எட்டாவது படி, குழுவைப் பாராட்டுவது. ரிப்போர்ட்டில் ஒரே வரியில் முடிந்துபோகிற படியும் அதுதான்.

இந்தியாவில் தரவட்டம் 1980இல் ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தின் பி.எச்.இ.எல். ஆலையில் தொடங்கியது. 1982இல் இந்திய தரவட்டப் பேரவை உருவானது. தமிழ்நாட்டில் இந்த மரபு டெமிங் பரிசு வரை போனது: 1998இல் சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, இந்தியாவிலேயே முதலாவதாக அதைப் பெற்றது; 2002இல் டி.வி.எஸ். மோட்டார்.

மரபுகள் பல என்றாலும் உரைகல் சில. அதே குறை திரும்ப வந்ததா? புதிய முறை வேலைக்குறிப்பில் ஏறியதா, இரவு ஷிஃப்டுக்கு வரும் புது ஆளும் அதைத்தான் பின்பற்றுகிறாரா? எண்கள் முன்னும் பின்னும் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட்டனவா? மேடையில் மீன்முள் அழகாக வந்துவிடும்; முள் ஒவ்வொன்றும் தளத்தில் சோதிக்கப்பட்டதா என்பதே கேள்வி.

இவற்றுக்கும் முந்தையது தலைப்பில் உள்ள கேள்வி. 1974இல் விமான நிறுவனமான லாக்ஹீட் தொடங்கிவைத்த வட்டங்கள் அமெரிக்கா முழுவதும் பரவின. 1985இலேயே ஆய்வாளர்கள் லாலரும் மோர்மனும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அந்த மோகத்துக்குப் பிந்தைய நிலையை அலச வேண்டியிருந்தது. யோசனை சொல்ல மட்டும் உரிமை, நிறைவேற்றும் அதிகாரம் மேலே என்றால் வட்டம் சீக்கிரம் வாடிவிடும். 1992இல் எலெக்ட்ரோமேஷன் வழக்கில் அமெரிக்கத் தொழிலுறவு வாரியம் வேறொரு கோட்டைப் போட்டது. வருகை, சம்பளம் போன்றவற்றைப் பேச நிர்வாகமே அமைத்த குழுக்கள் சட்டவிரோதம் என்றது. தரத்தைப் பேசும் குழு, சங்கத்தின் இடத்தில் உட்காரக் கூடாது.

தேர்வு தொழிலாளியுடையது என்றால் நேரம் யாருடையது? தரவட்டம் 'தன்னார்வம்' என்பது ஜப்பானிய மரபின் பழைய விதி. டொயோட்டா ஊழியர் ஒருவர் 2002இல் 30 வயதில் வேலைத்தளத்திலேயே சரிந்து இறந்தார். 2007இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் அதை அதிகவேலையால் நேர்ந்த மரணம் என்று ஏற்றபோது, அவர் தரவட்டத்துக்குச் செலவிட்ட நேரத்தையும் வேலைநேரமாகவே எண்ணியது. அடுத்த ஆண்டு, தரவட்ட நேரம் முழுவதற்கும் ஊதியம் தருவதாக டொயோட்டா அறிவித்தது. நம் மாநாடுகளில் சேமித்த ரூபாயையும் குறைந்த ரிஜெக்‌ஷனையும் காட்டும் குழுக்கள், இன்னும் இரண்டு வரிகளை அதே ஸ்லைடில் சேர்க்கலாம்: இந்தப் பிரச்சினையை எடுக்கச் சொன்னது யார், எங்கள் கூட்டங்கள் ஷிஃப்டுக்குள் நடந்தனவா, வெளியிலா. நடுவர்கள் அதற்கும் மதிப்பெண் போடத் தொடங்கலாம்.